கிளாஸும் பிளாவும்

"டேய், பியர் வாங்கச் சொன்னா லாகரை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியள்?" லண்டனிலிருந்து வந்த மச்சான் கேட்டான். மண்டைதீவில், அப்பப்பாவின் இடிந்த வீட்டு வளவில், ஐஸ் பெட்டியைச் சுற்றி ஐந்து பேர் இருந்தோம். போத்தலில் 'லயன் லாகர்' என்று கொட்டை எழுத்தில்தான் போட்டிருந்தது. இத்தனை வருசமும் அதைப் பியர் என்றுதான் குடித்தோம்.

அதிலொன்றும் பிழையில்லை. லாகரும் பியர்தான். இங்கிலாந்தில் பலர் பியர் என்றால் தங்கள் ஏல் வகையை நினைப்பார்கள், அவ்வளவுதான். ஏலை நொதிக்க வைக்கும் மதுவம் மிதமான சூட்டில் மேலே திரண்டு, சில நாளில் வேலையை முடித்துவிடும். லாகரின் மதுவம் ஏறக்குறைய 7 முதல் 13 பாகை செல்சியஸ் குளிரில், அடியில் கிடந்து ஆறுதலாக வேலை செய்யும். பிறகும் வாரக்கணக்கில் குளிரில் வைக்க வேண்டும். ஜேர்மன் மொழியில் லாகர் என்றாலே களஞ்சியம்தான்.

வேலியோரம் ஒரு முதியவர் வந்து நின்றார். 1990இல் ஊர் இடம்பெயரும்வரை எங்கள் வளவுப் பனைகளில் கள்ளுச் சீவியவர். மச்சான் உற்சாகமாகக் கிளாஸைச் சரித்துப் பிடித்து ஊற்றி, பாதியில் நிமிர்த்தி, இரண்டு விரல் உயரத்துக்கு நுரை வைத்தான். நுரையில்தான் வாசம் ஏறி வருமாம். "ஐயா, இந்தாங்கோ."

அவர் கை நீட்டவில்லை. "பேணி ஏதும் கிடந்தா அதுக்குள்ளை ஊத்துங்கோ தம்பி."

எங்களுக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் அப்பம்மாவின் குசினிப் பின்பக்கம் கவிழ்த்து வைத்திருந்த சிரட்டை ஞாபகம் வந்தது. தேநீர்க்கடையில் சமமாக இருந்து குடிப்பதற்காக 1960களின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் சனம் அடிவாங்கிப் போராடியதைப் படித்திருக்கிறோம். எங்கள் வீட்டுச் சிரட்டையை அதோடு சேர்த்து ஒருநாளும் யோசித்ததில்லை. அதே வீட்டில் பியர் முன் ஹோலுக்குள் வந்தது. கள்ளு பின்படலையால் வந்தது.

"இதிலையே குடியுங்கோ ஐயா." வாங்கினார். அரைவாசி குடித்துவிட்டு, "கைக்குது" என்றார்.

அடுத்த நாள் காலை அவர் எங்களைக் கூட்டிப்போனார். பனையோலையை மடித்துக் கட்டி ஆளுக்கொரு பிளா தந்தார். முட்டியிலிருந்து ஊற்றும்போதே நுரைத்தது. கள்ளுக்கு மதுவம் யாரும் போடுவதில்லை. காற்றிலும் முட்டியிலும் இருப்பதே போதும், சில மணித்தியாலத்தில் வெறி ஏறிவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காது, கருப்பணியாகவே இருக்கும். இரண்டு கையாலும் பிளாவைப் பிடித்து, மிதந்த எறும்பை ஊதித் தள்ளிக் குடித்தோம். அவரும் எங்களோடு குந்தியிருந்து அதே மாதிரிப் பிளாவில்தான் குடித்தார். முடிந்ததும் எல்லாப் பிளாவும் வேலியோரம் போயின.

லாகர் என்றால் 4 முதல் 7 பாகையில் குடிப்பது நல்லது, அதைவிடக் குளிர்ந்தால் நாக்கு மரத்துப்போகும் என்று மச்சான் விளக்கினான். இதை எந்தக் குளிரில் குடிக்க வேணும் என்றும் கேட்டான்.

அவர் சிரித்தார். "மரத்தாலை இறக்கின கையோடை குடிக்கவேணும் தம்பி. பின்னேரம் வந்தியள் எண்டா புளிச்சுப்போடும்."