பதினோரு தீக்குச்சி

ஆகஸ்ட் 6, 2023, ஞாயிறு. இரவு 11 மணி தாண்டிவிட்டது

சென்னையில் நடக்கும் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கியில் மலேசியாவை 5–0 என்று ஜெயித்தாயிற்று. முதல் கோல் கார்த்தி அடித்தது, 15ஆவது நிமிஷத்தில். பிறந்தது அரியலூர் என்றாலும் எங்கள் கோவில்பட்டி விடுதியில் தங்கி, எங்கள் மைதானத்தில் ஓடி வளர்ந்த பையன். டீக்கடையில் பெஞ்சு மேல் ஏறிக் கத்தியவர்களில் நானும் ஒருவன். கண்ணாடிக் கிளாஸ் ஒன்று உருண்டு விழுந்து உடைந்தது. கடைக்கார அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கண் டிவியில்தான் இருந்தது.

ஆட்டம் முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மாமா சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். "கெளம்பாதீங்கலே, உக்காருங்க." சரளை மண் மைதானத்தில் இருபது வருஷம் ஃபுல்பேக் ஆடியவர். இடது முழங்காலுக்குக் கீழே இன்னும் ஒரு பள்ளம் இருக்கிறது. பெனால்டி கார்னருக்கு முதல் ஆளாகப் பாய்ந்து வாங்கியது. அவர் வழக்கம் ஊருக்கே தெரியும். "தோத்தா ஊரே பேசும். செயிச்சாத்தான் நாம பேசணும்."

பெஞ்சில் பதினோரு குச்சியை அடுக்கினார். மருந்து முனை மேலே இருந்தால் நம் ஆள், கீழே இருந்தால் எதிராளி. நடுவில் இருந்த மூன்று குச்சிகளை விரலால் முன்னே தள்ளினார். "பந்து நம்மகிட்ட இருந்தா ஹாஃப் மூணு பேரும் ஏறிப் போயிருதான். சரி, போகட்டும். பந்து பறிபோச்சுன்னா?" பின்னால் இருந்த குச்சிக்கும் இதற்கும் நடுவே ஒரு சாண் இடம். "இந்த எடத்த எவன் பாக்கான்?"

ஒரு கோல்கூட வாங்காத ஆட்டத்தில் ஓட்டை தேடுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சொல்லியும் விட்டேன். "மாமா, முந்தாநாள் ஜப்பானோட 15 பெனால்டி கார்னர் கெடச்சு ஒண்ணே ஒண்ணுதான் உள்ள போச்சு. 1–1. அதுக்குப் பேசுங்க, நியாயம். இன்னிக்கு எதுக்கு?" அவர் குச்சிகளைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டே, "அத எல்லாரும் பாத்தாச்சு மாப்ள" என்றார்.

ஆகஸ்ட் 7, திங்கள்

கொரியா 3–2. 58ஆவது நிமிஷம் இரண்டாவது கோலை வாங்கியபின் கடைசி ரெண்டு நிமிஷம் மூச்சு விடவில்லை. ஆபீஸில் லோடு நாளை காலை போகவேண்டும். தூங்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 9, புதன்

பாகிஸ்தான் 4–0. தெருவில் சரவெடி. இந்தச் சத்தத்துக்கு நடுவிலும் டீக்கடையில் சண்டை நடந்தது, அதுவும் நல்ல சண்டை.

கணக்கு வாத்தியார் ஆரம்பித்து வைத்தார். நாலு கோலில் மூன்று பெனால்டி கார்னர். ஹர்மன்ப்ரீத் இரண்டு, ஜுக்ராஜ் ஒன்று. ஆடி அடித்தது கடைசியில் ஆகாஷ்தீப் போட்ட ஒன்றுதான். முதல் நாள் சீனாவை 7–2 என்று ஜெயித்தபோதும் பெரும்பாலானவை கார்னரில் வந்தவையே. "அந்த டிராக் ஃப்ளிக்க எடுத்துட்டா நம்மகிட்ட என்ன மிச்சம்?" என்று கேட்டார்.

மாமா அவர் பக்கம்தான் நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. "கார்னர் என்ன கோயில் சுண்டலா சார், வரிசையில நின்னா கெடைக்க? பந்தோட ஒருத்தன் வட்டத்துக்குள்ள பூந்து, அடுத்தவன் காலுக்கோ மட்டைக்கோ சிக்கிக் கொடுத்தாத்தான் அது கெடைக்கும். அடிச்சவன் பேரு பேப்பர்ல வரும். வாங்கிக் குடுத்தவன் பேரு வராது." வாத்தியார் விடவில்லை. வாங்கிக் கொடுக்கிறவன் ஏன் நேரே கோலுக்கு அடிக்காமல் காலைத் தேடுகிறான் என்றார். அதற்கு மாமாவிடம் சட்டென்று பதில் இல்லை. என்னிடமும் இல்லை. வீட்டுக்கு வந்தும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இறுதி ஆட்டத்துக்கு மூன்று பேருக்கும் டிக்கெட் கிடைத்துவிட்டது. நான், மாமா, பிரஸ்ஸில் வேலை பார்க்கும் தம்பி. வாத்தியார் தனியாக வருகிறார்.

ஆகஸ்ட் 11, வெள்ளி. ரயிலில்

நெல்லை எக்ஸ்பிரஸ். ஜப்பானோடு அரையிறுதியைப் பிளாட்பாரத்தில் பார்க்க ஆரம்பித்து, பெட்டிக்குள் வந்து, தம்பியின் செல்லை ஜன்னல் கம்பியில் சாய்த்துவைத்துப் பார்த்தோம். இரண்டு கோல், மூன்று கோல், நாலு கோல். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷுக்கு இது 300ஆவது ஆட்டம். விருதுநகர் தாண்டியதும் படம் அப்படியே உறைந்துபோனது. அந்த நேரம் பார்த்து அடுத்த பெட்டியிலிருந்து ஒரு கூச்சல். கார்த்தி அடித்துவிட்டானாம், 51ஆவது நிமிஷம், 5–0. நாங்கள் பார்க்காத கோலுக்கு நாங்களும் கத்தினோம். மேல் பெர்த்தில் படுத்திருந்த அம்மா எழுந்து, "யாருய்யா, நம்ம ஊருப் பையனா?" என்று கேட்டுவிட்டு மறுபடி படுத்தார்.

ஆகஸ்ட் 12, சனி. எழும்பூர் லாட்ஜ், இரவு 2 மணி

கை இன்னும் நடுங்குகிறது. எழுத்து கோணலாகத்தான் வரும்.

2007 ஆசியக் கோப்பைக்கு இதே மைதானத்துக்கு மாமா வந்திருக்கிறார். கொரியாவை 7–2 என்று ஜெயித்த இறுதி ஆட்டம். பதினாறு வருஷம் கழித்து மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் வாசலில் நின்று, "எல்லாத்தையும் மாத்திட்டான்" என்றார். ஆட்டத்துக்கு முன்னால் நீல டர்ஃபில் தண்ணீர் பீய்ச்சினார்கள். விளக்கு வெளிச்சத்தில் தரை குளம் மாதிரி மின்னியது. சரளையில் விழுந்து எழுந்தவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

9ஆவது நிமிஷம் ஜுக்ராஜ் கார்னரில் அடித்து 1–0. அதன்பிறகு நடந்ததை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. 14ஆவது நிமிஷம் அஸ்ராய், 18இல் ராஸி ரஹீம், 28இல் அமினுதீன். பாதி ஆட்டத்தில் 1–3. ஆறு நாள் முன்னால் 5–0 என்று ஜெயித்த அதே மலேசியா.

டிவி பந்தை மட்டும்தான் காட்டும். கேலரியில் மேலே உட்கார்ந்தால் முழு மைதானமும் தெரிகிறது. நம் ஆட்கள் ஏறிப்போய்ப் பந்தை விட்ட ஒவ்வொரு தடவையும், பெஞ்சில் மாமா காட்டிய அந்த ஒரு சாண் இடம் நீல நிறத்தில் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தேன். திரும்பி மாமாவைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையில் தீப்பெட்டியைக் கையால் பொத்திப் பிடித்திருந்தார்.

45ஆவது நிமிஷம் பெனால்டி ஸ்ட்ரோக். ஹர்மன்ப்ரீத் அடித்து 2–3. கூட்டம் கத்தி முடிக்கவில்லை, அதே நிமிஷத்தில் குர்ஜந்த் இன்னொன்று. 3–3. என் பக்கத்தில் இருந்த முகம் தெரியாத பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். 56ஆவது நிமிஷம் ஆகாஷ்தீப் அடித்த பந்து வலையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டதாகவே நினைக்கிறேன். அந்த இரைச்சலில் கேட்டிருக்க முடியாது. 4–3. நாலாவது கோப்பை.

மாமா அழுதார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

காலையில் எழும்பூர் ஸ்டேஷன் எதிரே டீ குடிக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. வாத்தியாருக்கு ராத்திரி தூக்கமில்லையாம். "அந்த ஸ்ட்ரோக் கெடைக்கலேன்னா? முதல் முறையா ஃபைனலுக்கு வந்த டீம்கிட்ட, நம்ம கூட்டத்துக்கு முன்னாடி, முப்பது நிமிஷத்துல மூணு கோல் வாங்கியிருக்கோம். கோப்பைய மேல தூக்கிட்டா அந்த மூணு கோலும் அழிஞ்சிருமா?"

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், ஜனவரிய நெனச்சுப் பாருங்க. புவனேஸ்வர்ல, உலகக் கோப்பையில, நியூசிலாந்துகிட்ட 3–1னு முன்னால இருந்தோம். 3–3 ஆச்சு, ஷூட்டவுட்ல தோத்து வெளிய வந்தோம். சொந்த நாட்டுல ஒன்பதாவது இடம். அதே டீம் இன்னிக்கு 1–3லேருந்து ஏறி வந்திருக்கு. அன்னிக்கு இல்லாத என்னமோ ஒண்ணு இன்னிக்கு இருக்குல்ல?"

இதைக் கேட்டு வாத்தியாரே கொஞ்சம் நேரம் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இருவர் சொல்வதும் உண்மை என்று பட்டது, ஆனால் ஒன்றை வைத்து இன்னொன்றை அடைக்க முடியாது. மீண்டு வந்த நெஞ்சுரம் நெஞ்சுரம்தான். திறந்து கிடந்த இடம் திறந்து கிடந்த இடம்தான். பின்பாதியில் மலேசியா ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அந்தப் பத்து நிமிஷ இடைவேளையில் கோச் ஃபுல்டன் எதையோ சொல்லித் திருத்தியிருக்கிறார். நாம் அடித்த மூன்று கோலைவிட அந்தத் திருத்தம் என்ன என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும். அதைச் சொன்னேன். மாமா முதல்முறையாக என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ராத்திரி ரயிலில் தம்பி செல்லில் தேடி, உலகத் தரவரிசையில் இந்தியா மூன்றாவது இடத்துக்கு வந்துவிட்டது என்று படித்துக் காட்டினான். வாத்தியார்தான் முதலில் கை தட்டினார்.

ஆகஸ்ட் 14, திங்கள்

காலையில் ஸ்டேஷனிலிருந்து நேரே மைதானத்துக்குப் போனோம். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். மாமா கேட்கவில்லை. விடுதிப் பிள்ளைகள் ஓடி முடித்து மட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். மாமாவைப் பார்த்ததும் சுற்றிக்கொண்டார்கள். ஆட்டம் எப்படி, கார்த்தி அண்ணனைப் பக்கத்தில் பார்த்தீர்களா, கோப்பை எவ்வளவு பெரிசு என்று ஆளுக்கொரு கேள்வி.

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து தீப்பெட்டியைத் திறந்தார். ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கு இன்னும் ஆறு வாரம்கூட இல்லை. அங்கே தங்கம் வாங்கினால் நேரே பாரிஸ் ஒலிம்பிக். "முந்தாநாள் செயிச்சோம். இப்பச் சொல்லுங்க, இந்த எடத்த எப்படி அடைக்க?" என்றார்.

பன்னிரண்டு வயசு இருக்கும், ஒரு பையன் குனிந்து நடுக் குச்சிகளில் இரண்டை ஒரு விரக்கடை பின்னால் இழுத்துவைத்தான். மூன்றாவதை மட்டும் முன்னாலேயே விட்டுவிட்டான். மாமா வெகுநேரம் அதைப் பார்த்தார். எனக்கென்னவோ ரைட் பக்கம் இன்னும் திறந்துதான் கிடக்கிறது என்று பட்டது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து இன்னொரு குச்சி எடுத்தேன்.