மரமும் அணிலும்

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் அமைந்துள்ளன. மலையை ஒட்டிய தோப்புகளில் மாவும் புளியும் ஓங்கி நிற்கின்றன. அவற்றின் உச்சிக்கிளைகளில் வாழ்கிறது சாம்பல் நிற மலை அணில்.

தொல்காப்பியம் மரத்தை ஓரறிவுயிர் என்றும் விலங்கை ஐயறிவுயிர் என்றும் வகுக்கிறது. ஆயினும் இங்கே ஐயறிவு பெற்ற அணில், ஓரறிவு பெற்ற மரத்தைச் சார்ந்தே உயிர்வாழ்கிறது.

புளியமரம் நூறாண்டு கடந்தும் நிற்கும். நின்ற இடம் விட்டுப் பெயராது. அணிலோ ஓரிடத்தில் நில்லாது. இரண்டு கிலோவுக்கும் குறைந்த அதன் உடலுக்கு நீண்ட வாலே சமநிலை தருகிறது. கொறிவிலங்காதலின் அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளரும். கடினமானவற்றைக் கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும். புளியின் ஓடும் மரத்தின் பட்டையும் அதற்கு உதவுகின்றன.

வீட்டு முற்றத்தில் ஓடும் முக்கோட்டு அணில் தரையிலும் மதிலிலும் திரியும். மலை அணில் தரையிறங்குவது அரிது. கிளைவிட்டுக் கிளை தாவியே அது உணவு தேடும். அண்டை மரங்களின் கிளைகள் பின்னிய இடத்தில் சுள்ளியும் இலையும் கொண்டு கூடு கட்டும். கழுகு வட்டமிட்டால் எத்திசையிலும் தப்பிச்செல்ல அவ்விடமே ஏற்றது.

இவ்வணிலைக் காக்க 1988ஆம் ஆண்டு திருவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021இல் அது மேகமலையுடன் இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. எனினும் அணிலுக்கு எல்லைக்கல் தெரியாது. தனியார் தோப்புகளுக்கும் அது வருகிறது, மாங்காயைக் கடிக்கிறது. உழவருக்கு அது இழப்பே. காய்ப்புக் குறைந்த முதுமரத்தை அவர் விற்க நினைப்பதும் இயல்பே.

ஆனால், வரிசையில் ஒரு மரம் வீழ்ந்தால் எஞ்சியவை நின்றாலும் பாதை அறுந்துபோகிறது. இடைவெளியைத் தாண்ட அணில் தரையிறங்க நேர்கிறது; அங்கே நாய்களுக்கு இரையாகும் இடர் உண்டு. வெட்டிய இடத்தில் கன்று நடலாம். அதன் கிளை அடுத்த மரத்தைத் தொடப் பல்லாண்டுகள் ஆகும். அதுவரை அணிலின் பசி காத்திராது. ஆகவே, புதுக்கன்று தழைத்த பின்னரே முதுமரத்தை அகற்றுவதும், வரப்போரத்து மரங்களை விட்டுவைப்பதும் இருவருக்கும் நலம் தரும்.

மரம் வெட்ட வருபவர் அடிமரத்தின் பருமனையே அளக்கிறார். ஒருமுறை அண்ணாந்து, அதன் கிளை எந்த மரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்றும் பார்த்தல் நன்று.