கணப்புக்கு அடியில்

வெர்மான்ட், அக்டோபர்

அன்புள்ள நண்பனுக்கு,

கொடைக்கானல் வீட்டில் கணப்பு வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். நான் தங்கியிருக்கும் பண்ணை வீட்டிலும் இப்போதுதான் விறகு எரிக்கும் இரும்பு அடுப்பைப் பொருத்தினார்கள். வந்த ஆட்கள் தீயைப் பற்றிப் பேசவே இல்லை. பேச்செல்லாம் தரையைப் பற்றித்தான்.

தரை மேப்பிள் பலகை. அதன்மேல் ஸ்லேட் கல் ஒட்டினால் போதும் என்றார் வீட்டுக்கார அம்மா. போல்ட்னி, ஃபேர் ஹேவன் பக்கம் பச்சையும் ஊதாவுமாக ஸ்லேட் வெட்டுகிறார்கள். வேல்ஸிலிருந்து குடியேறிய கல்தொழிலாளர்கள் வளர்த்த தொழில் அது. கல் எரியாது, சரி. ஆனால் சூட்டைக் கீழே இறக்கிவிடும். தெறிக்கும் பொறியைக் கல் தடுக்கும். அடுப்பின் வயிற்றுச் சூட்டைத் தடுக்காது. நாள்பட்ட சூட்டில் பலகை உலர்ந்து கருகி, பழைய அளவை விடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். கல்லுக்கு அடியில் நடப்பதால் யார் கண்ணிலும் படாது.

அந்தச் சூட்டுக்கு மருந்து காற்று. அடுப்பின் கால் 2 அங்குலத்துக்கும் குறைவென்றால் மரத்தரையில் வைக்கவே கூடாது என்கிறது இங்குள்ள பொதுவிதி. 2 முதல் 6 அங்குலம் வரை என்றால் 4 அங்குல ஹாலோ பிளாக்கைப் படுக்கவைத்து, ஓட்டைகள் ஒரே நேர்கோட்டில் வரும்படி அடுக்கி, மேலே இரும்புத் தகடு போட வேண்டும். ஓட்டைகள் வழியே காற்று ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். சோதித்துச் சான்று பெற்ற அடுப்பு என்றால் அதன் கையேடு சொல்வதே விதி. இந்த அடுப்பின் கையேடு கல்லுக்கு அடியில் சூடு தாங்கும் அட்டையைக் கேட்டது, போட்டார்கள். அம்மாவுக்கு ஸ்லேட்டும் கிடைத்தது.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1735லேயே ஃபிலடெல்ஃபியா பத்திரிகையில் வீடுகளில் தீப்பிடிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். கங்கை வாரி அறைவிட்டு அறை கொண்டுபோகும்போது இடுக்கில் விழும் துணுக்கு நள்ளிரவு வரை தலைகாட்டாது என்று எச்சரித்தார். கணப்புக்கு முன்னால் தளத்தைக் குறுகலாகக் கட்டுவதைத் தடைசெய்யவும் சொன்னார். மின்னலைப் பிடித்த கதையை விட எனக்கு இந்த ஃபிராங்க்ளினைத்தான் பிடிக்கிறது.

உன்னுடையது திறந்த கணப்பு. அதற்கு இங்கே கணக்கு வேறு: வாய் 6 சதுர அடிக்குக் குறைவென்றால் முன்னால் 16 அங்குலம், பக்கத்துக்கு 8 அங்குலம் எரியாத தளம், அந்த அளவோ அதற்கு மேலோ என்றால் 20, 12. முன்னால் விரிக்கும் கம்பளத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதே. சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே மண்ணில் வை. உள்ளே கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

உங்கள் வீட்டுத் தரை கான்கிரீட் என்றால் பாதிக் கவலை இல்லை. மேலே மரப்பலகை ஒட்டும் யோசனை இருக்கிறதா? இருந்தால், ஆசாரி வருவதற்கு முன்பே எரியாத தளத்தின் அளவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்துவிடு.

அன்புடன்,
உன் நண்பன்