தண்ணி கண்ணாடி மாதிரிதான் இருந்துச்சு

புதுசா மீன் தொட்டி வெச்ச வீட்டுக்கு ஒரு வாரம் கழிச்சுப் போயிருக்கீங்களா? மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இல்லன்னா துடுப்பை உடம்போட ஒட்ட வெச்சுக்கிட்டு ஒரு மூலையில அசையாம நிக்கும். செவுள் வேகமா அடிச்சுக்கும். தீனி போட்டாலும் திரும்பிப் பார்க்காது. பார்த்ததும் "மீனுக்கு ஏதோ நோய்"னு கடைக்கு ஓடி மருந்து வாங்கிட்டு வந்து ஊத்துவோம். ஆனா பல நேரம் பிரச்சினை மீன்ல இல்லைங்க, தண்ணியில.

எங்க வீட்டுல நடந்ததை வெச்சே சொல்றேன். தாத்தா தவறினதுக்கு அப்புறம், மன்னார்குடி பக்கம் இருக்கிற கிராமத்துல இருந்து அப்பாயியைச் சென்னைக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். மூணாவது மாடி ஃபிளாட். பகல்ல அப்பா, அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவாங்க. நான் ஹாஸ்டல்ல. அப்பாயி சரியா சாப்பிடறதே இல்லைன்னு அம்மா போன்ல சொல்லிட்டே இருப்பாங்க. துணைக்கு ஏதாவது இருக்கட்டும்னு அப்பா கொளத்தூர் போய், ரெண்டடித் தொட்டியும் ஆறு கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கிட்டு வந்தார். ஒரு நாள் ஃபில்டர் ஓடினா போதும், மீனை விட்டுடலாம்னு கடையில சொன்னாங்களாம்.

அந்த வாரக் கடைசியில நான் வீட்டுக்குப் போனப்போ தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. ஆறு மீனும் மேலதான் நின்னுச்சு.

இங்கதான் கெமிஸ்ட்ரி வருது. மீன் தன்னோட கழிவை அம்மோனியாவா செவுள் வழியா வெளியே விடும். மிச்சமாகுற தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அதுக்கு நிறம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாது. செவுளை அரிச்சிடும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கவிடாது. இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டா மாத்தும். அது அவ்வளவா தொந்தரவு பண்ணாது. இந்த பாக்டீரியா எல்லாம் ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் ஒட்டி வளரணும். அதுக்கு 4 முதல் 6 வாரம் வரைக்கும் ஆகும். புதுத் தொட்டியில ஃபில்டர் ஓடும், ஆனா உள்ள வேலை செய்ய ஆள் இருக்காது.

இன்னொரு விஷயம், pH. தண்ணியில அம்மோனியா ரெண்டு வடிவத்துல இருக்கும். அதிகமா விஷமான வடிவம் pH 7-ல ஒரு சதவீதத்துக்கும் கம்மி. pH 8-ல 5 சதவீதம் கிட்ட வந்துடும். சூடு ஏறினா இன்னும் கூடும், தண்ணியில ஆக்ஸிஜனும் குறையும். சென்னை வெயில்ல புதுத் தொட்டி வைக்கிறவங்க இதை யோசிங்க.

டெஸ்ட் கிட் வாங்கி, குழாய்ல தண்ணி எடுத்து சொட்டு விட்டுப் பார்த்தேன். அம்மோனியா இல்லைன்னா மஞ்சளா இருக்கணும். நல்ல பச்சையா வந்துச்சு. அப்பா மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டு, ஸ்பாஞ்சை சோப்பு போட்டுக் கழுவலாம்னார். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்குத் தெரியும், மெதுவா பதில் சொல்ற சிஸ்டத்தை அவசரப்பட்டுத் திருத்தினா அது இன்னும் ஆடத்தான் செய்யும். அப்போதான் ஒட்ட ஆரம்பிச்ச பாக்டீரியாவும் போயிடும். அதனால கால்வாசித் தண்ணி மட்டும் மாத்தினோம்.

அப்படியும் ரெண்டு மீன் போயிடுச்சு. அப்பாயிக்குத் தெரிய வேண்டாம்னு அப்பா விடிகாலையிலேயே எடுத்துட்டார். அப்பாயி காபி குடிச்சிட்டே, "நாலுதான இருக்கு?"ன்னாங்க. தினமும் எண்ணிட்டு இருந்திருக்காங்க.

அவங்களுக்கு பாக்டீரியா கதையைச் சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "நம்மூர்க் கொளத்துத் தண்ணி இவ்ளோ சுத்தமா இருக்காது, பாசியா கெடக்கும். அதுல கெண்டை நல்லாத்தானே இருந்துச்சு?"ன்னாங்க. அப்புறம், "புது எடம்னா அப்பிடித்தான்டா தம்பி. எனக்கே இங்க இன்னும் தூக்கம் புடிக்கல"ன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

உங்க தொட்டிக்கு நான் சொல்றது இதுதான். மருந்துக்கு முன்னாடி தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க. முதல் மாசம் ஒண்ணு ரெண்டு மீன் போதும். ரெண்டடித் தொட்டிக்கு ஆறு கோல்டு ஃபிஷ் எப்பவுமே அதிகம். ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவுக்கு மட்டும் தீனி போடுங்க. மாத்துற தண்ணி கார்ப்பரேஷன் தண்ணியா இருந்தா ஆன்டி குளோரின் சொட்டு விடுங்க. ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில கழுவாதீங்க, தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே அலசுங்க. ஃப்ரெண்டு வீட்டுல நல்லா ஓடுற பழைய தொட்டி இருந்தா, அதோட ஸ்பாஞ்சுல ஒரு துண்டு வாங்கி உங்க ஃபில்டர்ல போடுங்க. நாள் நிறைய மிச்சமாகும்.

நான் ஹாஸ்டல் திரும்பினதும் டெஸ்ட் வேலை அப்பாயிகிட்ட போயிடுச்சு. அப்பா சொட்டு விடுவார், அவங்க குழாயை அட்டையோட ஒட்டி வெச்சு நிறம் பார்ப்பாங்க. சாயங்காலம் எனக்குப் போன் வரும். "இன்னிக்கும் பச்சைதான்", "கொஞ்சம் வெளுத்திருக்கு". ஆறாவது வாரம் நான் லேப்ல இருந்தப்போ கூப்பிட்டாங்க. "மஞ்சளாயிருச்சுடா. நாலும் தின்னுச்சு." நீங்க சாப்டீங்களா அப்பாயின்னு கேட்டேன். "ம், ரெண்டு தோசை"ன்னாங்க.