யவன நாட்டு இளவரசி

சென்ற மாதம் எமது மகள் பள்ளிப் படிவம் ஒன்றை நிரப்புகையில், "சொந்த ஊர் என்னுமிடத்தில் எதை எழுதுவது, அப்பா?" என்று கேட்டாள். அவள் பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரி. நாம் பிறந்ததோ தாமிரபரணிக் கரை. நாள் முழுதும் பிறருக்கு ஊர்ப்பெயர் அச்சிட்ட சீட்டு வழங்கும் இரயில்வே குமாஸ்தாவாகிய எமக்கு உடனே விடை வரவில்லை. அன்றிரவு, எப்போதோ படித்திருந்த கிரேக்க இளவரசி ஐரீனின் வரலாறு நினைவுக்கு வந்தது.

மிளகு வேண்டி முசிறிக்குக் கலம் செலுத்திய யவனர் நாடு அது. மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் மிளகு நெடி வீசும்போதெல்லாம் எமக்கு அவர்கள் நினைவு வருவதுண்டு.

ஐரீன் பிறந்தது கிரேக்க மண்ணில் அன்று. 1941-இல் ஜெர்மானியப் படை புகுந்ததால் அரச குடும்பம் நாட்டைவிட்டு ஓடிற்று. 1942 மே 11-இல், தென்னாப்பிரிக்கக் கேப் டவுனில் இவர் பிறந்தார். தந்தை பால் 1947-இல் அரசரானார். தாய் பிரெடெரிகா ஜெர்மானிய ஹானோவர் குலத்தவர். அக்காள் சோபியா பின்னர் ஸ்பெயின் நாட்டு அரசியானார். அண்ணன் கான்ஸ்டன்டைன் 1964-இல் முடிசூடினார். மறு ஆண்டு அவருக்கு மகள் பிறக்கும்வரை ஐரீனே அரியணைக்கு அடுத்த உரிமையாளர்.

1967 ஏப்ரலில் இராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பறித்தனர். டிசம்பரில் அரசர் செய்த எதிர்முயற்சி தோற்கவே, குடும்பம் உரோம் நகரில் அடைக்கலம் புகுந்தது. 1974 வாக்கெடுப்பில் மக்கள் பதின்மரில் எழுவர் வீதம் குடியரசையே வேண்டினர். பிரெடெரிகா அரசியலில் தலையிட்டார் என்ற மனக்குறையும் அங்கே பலத்திருந்தது. மன்னர்களுக்கு வழக்காட நாம் வரவில்லை.

நாடிழந்த தாயும் மகளும் நாடிவந்த இடம் எது தெரியுமோ? நம் சென்னை! சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டி. எம். பி. மகாதேவனிடம் அத்வைதம் பயின்றனர். பியானோவில் தேர்ந்த அவ்விளவரசி சென்னையில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1986-இல் ஸ்பெயினில் ஓர் அறநிலையம் நிறுவினார். ஐரோப்பாவில் பால் மிகுந்ததனால் கொல்லப்படவிருந்த பசுக்களை இந்தியாவுக்கு அனுப்பவும் முயன்றார். கேட்டால் நகை வருகிறது. ஆயினும் பசுவின் அருமையை அவர் நம்மவரிடந்தானே கற்றிருப்பார்?

எம்மை வருத்தியது வேறொரு செய்தி. 1981 பிப்ரவரி 6-இல் பிரெடெரிகா மாட்ரிட் நகரில் காலமானார். ஏதென்சுக்கு அண்மையிலுள்ள தாத்தோயில், கணவர் அருகே அடக்கம். பிள்ளைகள் தாய்நாட்டில் தங்கச் சில மணி நேரமே அனுமதி! மண்ணிட்ட கையோடு திரும்பினர்.

எமது அன்னை மூன்றாண்டுகளுக்கு முன், அடைமழை நாளில், இங்கேதான் கண்மூடினார். "என்னை ஊரிலே கொண்டு சேர்த்துடுய்யா" என்று பலமுறை சொல்லியிருந்தார். எம்மை எந்த அரசும் தடுக்கவில்லை. அன்றிரவு வண்டி பேசக் கையில் பணமில்லை. கடன் கேட்க நாணினோம். சங்கத்தாரிடம் கேட்டிருந்தால் மறுத்திருக்க மாட்டார்கள் என்பது பின்னரே உறைத்தது. சாம்பலை மட்டும் கலயத்தில் ஏந்திச் சென்று தாமிரபரணியில் கரைத்துவிட்டு, விடுப்பு இன்மையால் அன்று மாலையே வண்டி ஏறினோம். ஊருக்குள் கால் வைக்கவும் இல்லை.

இக்கதையை மகளிடம் சொல்லி முடித்தபோது, படிவத்தில் அவளே "மட்டாஞ்சேரி" என்று எழுதியிருந்தாள். "ஆச்சி இருந்த ஊர்தானே அப்பா?" என்றாள்.

கையொப்பமிட்டுக் கொடுத்தோம்.