ஓட்டம் முடிந்த குதிரைகள்

கோப்பெங்கில் பஸ் ஏறி, சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்தபடி சுமார் 20 கிலோமீட்டர் போனால் ஈப்போ. அங்கேதான் பேராக் டர்ப் கிளப்பின் குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறது. நம் ஆட்கள் ஜெயித்த குதிரையைப் பற்றித்தான் பேசுவார்கள். தோற்றது எங்கே போகிறதென்று யார் கேட்கிறார்கள்?

பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்கும். ஏழெட்டு வயதில் பெரும்பாலும் ஓய்வு. ஆயுளோ 25 வருடம்! மிச்சக் காலத்துக்கு லாயமும் தீனியும் யார் கொடுப்பது? 2024 அக்டோபர் 5-ல் சிங்கப்பூர் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் முடிந்தபோது, இந்தக் கேள்வி நம் அண்டை வீட்டுக்கே வந்துவிட்டது.

வேறு வேலை பழக்கலாம். ஆனால் அது லேசான காரியமல்ல. கடிவாளம் இறுகினால் இன்னும் வேகமாக ஓடப் பழகிய பிராணி அது! முதலில் சில மாதம் புல்வெளியில் விட வேண்டும். பிறகு மெதுவாக நடப்பதையே புதிதாகக் கற்றுத்தர வேண்டும். பொறுமையுள்ள குதிரைக்காரர் கிடைத்தால் அதன் அதிர்ஷ்டம்.

அமெரிக்காவில் ஒரு பெண் குதிரை ஆறு பந்தயம் ஓடியது, ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. அதற்குத் தடை தாண்டப் பழக்கினார்கள். டச் ஆப் கிளாஸ் என்ற புதுப் பெயரோடு, 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜோ பார்கிஸைச் சுமந்துகொண்டு 91 தடைகளில் 90-ஐத் தட்டாமல் தாண்டியது. இரண்டு தங்கப் பதக்கம்!