கண்ணுக்கு ஒரு வேலி

வேலி என்னும் சொல் தமிழில் பெரும்பாலும் காலைத் தடுப்பதையே குறிக்கும். ஆடு மாடு நுழையாதபடி முள்ளை இட்டால் வேலி ஆயிற்று; அதனூடே அயல்தோட்டம் முழுவதும் தெரியலாம். கண்ணைத் தடுப்பதற்குத் தட்டி, திரை, மறைப்பு என வேறு சொற்கள் உண்டு. ஆய்வின்பொருட்டு வதோதராவில் வாடகைக்குக் குடியிருக்கும் எனக்கு இவ்வேறுபாட்டின் பொருள் என் அறைச் சன்னலால் விளங்கியது.

இங்கு வீடுகளின் பின்புறத்தில் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் தளமிட்ட ஓரிடம் இருக்கும்; 'சோக்டி' என்பர். என் சன்னல் பக்கத்து வீட்டுச் சோக்டியை நேராகப் பார்க்கிறது. நான் குடிவந்த பின்னர், அவ்வீட்டு மாசி சித்திரை வெயிலிலும் முந்தானையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டே துவைத்தார். மறைப்பு வேண்டுமென்று ஒருநாளும் கேட்டதில்லை.

1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டம், வழக்காற்றால் உண்டாகும் உரிமைக்கு 18ஆம் பிரிவில் தரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று இத்தகையதே: அயலாரின் அந்தரங்கம் கெடும்படி புதிய சன்னல் திறக்கலாகாது என்னும் ஊர் வழக்கம். குஜராத்தில் இவ்வழக்கத்தை நீதிமன்றங்களும் ஏற்றுள்ளன. பார்க்கப்படுபவர் கேட்கும்வரை காத்திராமல், பார்க்கும் பக்கத்தாரே மறைப்பமைப்பது முறை என எனக்குத் தோன்றியது.

வீட்டு உரிமையாளர் கோனோகார்பஸ் நடலாம் என்றார். விரைந்து வளரும், எப்போதும் பசுமையாக நிற்கும். ஆனால் அதன் மகரந்தம் சளி, இருமல், ஆஸ்துமா, ஒவ்வாமை ஆகியவற்றுக்கும், வேர்கள் கழிவுநீர்க் குழாய், தொலைத்தொடர்புக் கம்பி ஆகியவற்றின் சேதத்துக்கும் காரணமாகும் என்று கூறி, குஜராத் வனத்துறை 2023இல் அதனை நடுவதற்குத் தடை விதித்தது. மாசிக்கோ மூச்சிரைப்பு உண்டு. 'வேலி எழுந்து வெள்ளரியை விழுங்கிற்று' என்னும் பொருளில் குஜராத்தியில் ஒரு பழமொழி வழங்குகிறது. வேலியே பயிரை மேய்ந்தது என நாம் சொல்வதும் அதுவே. இரு மொழிகளும் ஒரே அச்சத்தைக் கொண்டிருப்பதை உரிமையாளரிடம் சொன்னேன், சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

அடுத்து எண்ணியது மஞ்சள் அரளி. அதன் விதையும் பாலும் நஞ்சு. அவ்வீட்டில் தவழும் பேரக்குழந்தை இருக்கிறது. மணமுள்ள காமினி நல்ல அடர்த்தி தரும். ஆயினும் எலுமிச்சையில் பசுமையாக்க நோயைப் பரப்பும் சாறுறிஞ்சும் பூச்சிக்கு அது புகலிடம். மாசியின் எலுமிச்சை மரம் எல்லையிலிருந்து நான்கடித் தொலைவில் காய்த்து நிற்கிறது. இறுதியில் மருதாணி எஞ்சியது. வறட்சி தாங்கும், வெட்ட வெட்டக் கிளைக்கும், குஜராத்தில் நெடுங்காலமாக வேலிக்கு நடப்படுவது.

நடும் முறையிலும் அயலாரைப் பற்றிய நினைவு வேண்டும். எல்லையை ஒட்டி நட்டால் மறுபக்கத்தைக் கத்தரிக்கும் வேலை அவர்கள் தலையில் விழும். ஆதலால் இரண்டடி உள்ளே தள்ளி நட்டோம். நேராக ஒரு வரிசை நடுவதினும், ஒன்றுவிட்டு ஒன்றாக இரு வரிசை நட்டால் இடைவெளி மறையும். முதலாண்டில் முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டால்தான் அடியிலிருந்தே கிளை பிரியும். மேற்பகுதியைச் சற்றுக் குறுக்கிக் கத்தரித்தால் அடியிலைகளுக்கும் வெயில் கிட்டும்.

உயரத்தை மட்டும் மாசியிடம் கேட்டேன். சோக்டிக்கு நேரே ஆளுயரம் வேண்டும் என்றார். வாசற்பக்கம் இடுப்பளவு போதும், "அங்கே நின்றுதானே பேசுவோம், திக்ரா" என்றார். ஒரே வரிசைச் செடிகளுக்கு இரண்டு உயரங்கள். அந்தரங்கம் என்பதற்கு அவர் தந்த விளக்கம் நான் வாசித்த வரையறைகளைக் காட்டிலும் துல்லியமானது: எங்கே மறைய வேண்டும், எங்கே தெரிய வேண்டும் என்பதைப் பார்க்கப்படுபவரே சொல்ல வேண்டும்.

செடிகள் ஆளுயரம் எட்ட இன்னும் இரண்டு மழைக்காலமேனும் ஆகும். அதுவரை என் சன்னலில் தடித்த திரை தொங்குகிறது. அதற்குள் ஆய்வேட்டை முடித்து நான் வெளியேறியிருக்கக்கூடும். அடுத்துக் குடிவருபவரிடம் சாவியோடு கத்தரிக்கோலையும் அந்த இரண்டு அளவுகளையும் ஒப்படைக்குமாறு உரிமையாளரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.